மாதேஷ் பைப்ஸ் எழுதிய மூவாயிரம் திருத்தங்கள்

என் கணவருக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. கடத்தூரில் பைப்பும் மோட்டார் சாமான்களும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அதை நன்றாகவே நடத்துகிறார். அப்படிப்பட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நடுவில், பார்வையற்றோருக்காகத் தமிழை உரக்க வாசிக்கும் ஒரு மென்பொருளில் மூவாயிரத்துச் சொச்சம் திருத்தங்களைத் தனியொருவராகச் செய்து முடித்தார் என்று உலகத்துக்கு அறிவித்தவள் நான். அந்த நேரத்தில் அவர் உண்மையில் செய்த வேலை, கோழிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்தது. (அதையும் பாதியில் விட்டுவிட்டார்.)

மென்பொருளின் பெயர் செவிநூல். கல்லூரி முடித்த கையோடு நானும் என்னோடு படித்த பிரபுவும் சேர்ந்து ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகை. வருடங்கள் போகப் போக ஒன்பது பேர் ஆனோம். ஒன்பது பேர் ஊருக்கொருவராக உட்கார்ந்து ஒரே நிரலில் கை வைத்தால் குழம்பிவிடும் அல்லவா? அதற்காக யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் பதிந்து வைக்கும் ஏற்பாடுகள் உண்டு. எங்களுடையது எஸ்.வி.என். என்ற பழைய ஏற்பாடு. பிரபுவின் அலுவலகத்து மூலையில் கிடந்த ஒரு சர்வரில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஊர் உலகமெல்லாம் கிட் என்ற புதியதற்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகியும் நாங்கள் நகரவில்லை. சோம்பல்தான், வேறு கொள்கை எதுவும் இல்லை.

கடைசியில் பிரபுவே மின்னஞ்சல் அனுப்பினான். அலுவலகம் இடம் மாறுகிறது, சர்வரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் யாராவது எல்லாவற்றையும் கிட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன். அரை நாள் வேலை" என்று பதில் போட்டேன்.

இந்த மாற்றத்தைச் செய்வதற்கென்றே பலர் பயன்படுத்திப் பார்த்த நல்ல கருவிகள் இருக்கின்றன. எனக்கு அவை தேவைப்படவில்லை. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற, பத்து வருட அனுபவம் கொண்ட நான், அடுத்தவர் செய்த கருவியை நம்புவதா? பதினான்கு வரியில் நானே ஒன்று எழுதினேன். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒவ்வொரு திருத்தமாக எடுத்துப் புதியதில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பதினான்கே வரியில் முடித்துவிட்டோமே என்று அரை மணி நேரம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது வரி ஒன்று தேவைப்பட்டது என்பது அப்போது தெரியாது.

கம்பெனி மடிக்கணினியில் சொந்த வேலை பார்க்கக் கூடாது. என்னுடையதில் பாதி எழுத்துகள் அழுந்தாது. எனவே கடை மடிக்கணினியை எடுத்துக்கொண்டேன். விவசாயிகளின் நிலத்துக்குச் சொட்டுநீர்ப் பைப் எப்படி ஓட வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பதற்காக வாங்கியது அது. வாங்கிய அன்று அதைத் தயார் செய்ததும் நான்தான். 'உங்கள் பெயர் என்ன' என்று அது கேட்டபோது, 'மாதேஷ் பைப்ஸ், கடத்தூர்' என்று தட்டிவிட்டிருந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓடவிட்டேன். திரையில் வரிகள் சரசரவென்று மேலே ஏறின. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிட் ஒரு முறை எச்சரித்தது: 'பெயர் எதுவும் தரப்படவில்லை, இந்தக் கணினியின் பெயரையே போட்டுக்கொள்கிறேன், சரிதானா என்று பார்த்துக்கொள்ளவும்.' மூவாயிரத்துச் சொச்சம் முறை அது இப்படிக் கெஞ்சியது. இவ்வளவு பேசுகிறது என்றால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரை வாக்கில் வெங்காயத்தை விட்டுவிட்டு என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தேனு, நம்ம கடைப் பேரு ஓடிட்டே இருக்குது?"

"உங்க லேப்டாப்புதானுங்க, அப்பிடித்தான் வரும். நீங்க போயி வெங்காயத்தப் பாருங்க."

பத்து வருட அனுபவத்தின் லட்சணம் இது. பைப் கடைக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்ததை நான் விரட்டி அனுப்பினேன்.

இரண்டு மணிக்கு முடிந்தது. இணையத்தில் ஏற்றினேன். 'வெற்றி!' என்று தலைப்பிட்டு எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். 'பிரபு, பழைய சர்வரை நிறுத்திக்கொள்ளலாம்' என்று அதிலேயே ஒரு வரியும் சேர்த்தேன். பிறகு கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் ஒன்பது பேரில் அருள்ராஜ் என்று ஒருவர். பொம்மிடிக்குப் பக்கத்து ஊர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. செவிநூலைப் பயன்படுத்த வந்தவர், அது 'பழம்' என்பதைப் 'பலம்' என்று வாசிப்பதைப் பொறுக்க முடியாமல் நிரல் கற்றுக்கொண்டு அவரே திருத்த ஆரம்பித்தார். ஆறு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் செவிநூல் இன்று வாய் திறந்து பேசுவதே அவரால்தான். நாங்கள் போனில் பேசுவதோடு சரி, நேரில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவர் புதிய பக்கத்தைத் திறந்து, செவிநூலை விட்டே அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவரே உச்சரிப்பு சொல்லிக் கொடுத்த குரல் வாசித்தது: "மாதேஷ் பைப்ஸ். மாதேஷ் பைப்ஸ். மாதேஷ் பைப்ஸ்." எனக்குப் போன் போட்டிருக்கிறார். நான் கம்பெனி மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. அந்தப் பெயரையே இணையத்தில் தேடியிருக்கிறார். கடை எண் கிடைத்தது. அதன்பின் நடந்த பேச்சை என் கணவர் நடித்துக் காட்டித்தான் எனக்குத் தெரியும்.

"ஹலோ, மாதேஷ் பைப்ஸுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"செவிநூல் நீங்கதான் பண்ணுனீங்களாங்க?"

"பைப்புல சுத்தற நூலெல்லாம் இப்ப விக்கறதில்லீங்க, டேப்புதான். எங்க, ஜாயிண்ட்டுல ஒழுவுதுங்களா?"

"இல்லீங்க. 'ழ' உச்சரிப்பு சரி பண்ணுனது நீங்கன்னு போட்டிருக்குதுங்க. நேத்து பதினொன்னே காலுக்கு."

"நேத்து பதினொன்னே காலுக்கு நான் வெங்காயம் உரிச்சிட்டு இருந்தனுங்களே!"

கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். "பொம்மிடியில இருந்து அருளுன்னு ஒருத்தரு. அவரோட 'ழ'வ நான் எடுத்துக்கிட்டேங்கறாரு. என்னா பண்ணி வெச்ச?"

பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கணவர். ஒன்பது பேரில் ஒருவர் பெயர் கிடையாது. தேதிகளும் போய்விட்டன, அத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை.

அருளுக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஒன்னுமில்லீங்க அக்கா. புதன்கிழமை ஓசூர்ல எனக்கு இன்டர்வியூ இருக்குதுங்க. நான் பண்ணுன வேலையக் காட்டச் சொன்னாங்க. புது லிங்க்கே குடுங்க, பளிச்சுன்னு இருக்கும்னு நீங்க முன்னாடியே சொன்னீங்களே, நேத்து உங்க மெயில் வந்ததும் அதையே அனுப்பிட்டேனுங்க. அதுல என் பேரு எங்கயுமே வரலீங்க."

"அட, அது சின்ன விஷயம் அருள். நாளைக்குள்ள மாத்திடறேன்" என்றேன். குரல் எப்படித்தான் அவ்வளவு தைரியமாக வந்ததோ.

அடுத்த நிமிடம் பிரபுவைப் பிடித்தேன். "டேய், பழைய சர்வர ஒரு நாளைக்குத் திருப்பிப் போடு."

"எந்தச் சர்வர்? நீதான நிறுத்தச் சொன்ன? சுத்தமா அழிச்சு, வாடகைக்கு விட்டவங்க வண்டியில ஏத்தியாச்சு. ஏன்?"

பொதுவாக எதைச் சொன்னாலும் ஆறு மாதம் கழித்துச் செய்கிற பிரபு, வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் சொன்ன வேலையை உடனே செய்தான்.

நிரல் எங்கும் போகவில்லை, எல்லாரிடமும் இருந்தது. போனது அதன் வரலாறு. பழைய ஏற்பாட்டில் வரலாறு முழுவதும் சர்வரில் மட்டும்தான் இருக்கும். எங்கள் கணினிகளில் கடைசி நிலை மட்டுமே. ஒன்பது பேரின் உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சியை நான் அழித்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது வருத்தம். அருளுக்கு அது வேலை.

அன்று பகல் முழுக்க மற்ற ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். 'சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், யாரிடமாவது பழைய சர்வரின் முழு நகல் தற்செயலாக இருக்கிறதா?' ஆறு பேரிடமிருந்தும் ஒரே பதில்: 'இல்லை. ஏன் கேட்கிறாய்?' அருளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே.

செவ்வாய் காலை என் கணவர் வண்டியை வெளியே எடுத்து வைத்தார். "கெளம்பு. நேர்ல போயி சொல்லிரலாம்."

"நீங்க எதுக்குங்க?"

"எம்பேருதான அதுல இருக்குது?"

வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அருளின் வீட்டு வாசலில் அவருடைய அம்மாதான் வரவேற்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் கணவரைப் பார்த்து, "நீங்கதானுங்களா அந்தப் பைப்புக்காரரு? நல்ல நேரத்துக்கு வந்தீங்க, தொட்டிக்குப் போற பைப்பு ரெண்டு மாசமா ஒழுவுது" என்று கொல்லைப்புறம் அழைத்துப் போய்விட்டார். என்னோடு மன்னிப்புக் கேட்க வந்தவர், வண்டிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

தனியாக மாட்டிக்கொண்டேன். ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. "அருள், நேத்து நான் பொய் சொல்லிட்டேன். சர்வர அழிச்சாச்சு. யார்கிட்டயும் காப்பி இல்ல. உங்க ஆறு வருசத்தையும் நான் தொலைச்சுட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"யார்கிட்டயும்னா, என்கிட்ட கேட்டீங்களா அக்கா?" என்றார் அருள்.

"இல்ல."

"என்கிட்ட இருக்குதுங்களே."

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, துணிகளுக்குக் கீழே கைவிட்டு ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்தார். "அரை நாள் வேலைன்னு மெயில் போட்டீங்க பாருங்க, அன்னைக்கே சர்வர்ல இருந்ததப் பூராவும் எறக்கி வெச்சுட்டேனுங்க. யாராச்சும் அரை நாள் வேலைன்னு சொன்னா எனக்கு பயமா இருக்குமுங்க."

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கொல்லையிலிருந்து பைப் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒரு கேள்வியை நேற்றே கேட்டிருந்தால், இருபத்து நான்கு மணி நேரம் சோறு தண்ணி இறங்கியிருக்கும்.

இந்த முறை பதினான்கு வரி சாகசம் கிடையாது. ஒழுங்கான கருவியை எடுத்தோம். அது முதலில் ஒரு பட்டியல் கேட்டது: பழைய ஏற்பாட்டில் இருந்த பட்டப்பெயர் ஒவ்வொன்றுக்கும் நேராக உண்மைப் பெயர். அருள் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்ல, நான் எழுதினேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"ராஜாளி99 யாருங்கக்கா? ஆரம்பத்துல வேல பாத்தவரு போல. இவரு கெடுத்து வெச்சதச் சரி பண்ணவே எனக்கு ஒரு வருசம் ஆச்சுங்க."

"அது நான்தான் அருள். காலேஜ் முடிச்ச புதுசு."

"ஓ" என்றார். மிகுந்த மரியாதையுடன்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆயிரத்து எண்ணூறு சொச்சம் திருத்தங்கள் அருளுடையவை. பழைய பக்கத்தை எடுத்துவிட்டு அதே முகவரியில் புதியதை ஏற்றினோம். அவர் செவிநூலை ஓடவிட்டார். "அருள்ராஜ். அருள்ராஜ். பிரபு. அருள்ராஜ்." போதும் என்று நிறுத்தவில்லை. முகத்தைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாவும் ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்று கேட்டார். நானும் கேட்டேன். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனது. பைப்பும் ஒழுகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அருள் போன் செய்தார். ஓசூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைத் திங்கட்கிழமையே பார்த்துவிட்டார்களாம். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "யாருங்க இந்த மாதேஷ் பைப்ஸ்?" இவர் நடந்ததை முழுக்கச் சொல்லியிருக்கிறார். யாரும் சொல்லாமலே நகல் எடுத்து வைக்கிற இந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்களாம். என் முட்டாள்தனத்தால் ஒருவருக்கு வேலை கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். எந்தத் தப்பு நடந்தாலும், யார் செய்ததென்று தெரியாவிட்டால், அல்லது நன்றாகத் தெரிந்தால், அது மாதேஷ் பைப்ஸ் கணக்கில் போய்விடும். கேஸ் சிலிண்டர் பதிய மறந்தது மாதேஷ் பைப்ஸ். ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டது மாதேஷ் பைப்ஸ். ஒரு கிரகப்பிரவேசத்தில் உங்கள் மகன் என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டதற்கு என் மாமியார், "பைப்புக் கடை வெச்சிருக்கான். மருமவ பண்ற தப்புக்கெல்லாம் பேரு குடுக்கறான்" என்றார்.

போன வாரம் அடுப்பில் பால் பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, பாத்திரம் தீய்ந்துவிட்டது. "யாரு பாலை வெச்சிட்டுப் போனது?" என்று மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "மாதேஷ் பைப்ஸுங்க அத்தை" என்றேன்.

என் கணவர் காலையிலேயே மொரப்பூர் போயிருந்தார். சாயங்காலம் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், பாத்திரத்தைத் தேய்த்து வைத்தார்.