என் காருக்கு இனிப்பு நீர் வந்த கதை

சாலாக் செலாத்தானில் எங்கள் தாமான் குடியிருப்பில், டிரஸ்ஸர் அங்கிளிடம் நாக்கை நீட்டிக் காட்டாத மனிதரும் இல்லை, பானெட்டைத் திறந்து காட்டாத காரும் இல்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். டாக்டர் எட்டிப் பார்க்காத நாட்களில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தாராம். பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே குடிவந்தபோது, இங்குள்ள மனிதர்கள் எல்லாரும் நாக்கை அவரிடம் காட்டினாலும் மருந்துக்குக் கிளினிக்குக்குப் போகிறவர்களாக இருந்தார்கள். அதனால் அவர் கார்களுக்கு மாறிக்கொண்டார்.

நோயாளிதான் மாறியதே தவிர, வைத்தியம் மாறவில்லை. கார் என்று சொல்ல மாட்டார், பேஷண்ட் என்பார். எஞ்சினை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய டிரிப் ஸ்டாண்ட் ஒன்று வைத்திருந்தார். கியர் எண்ணெயை அதில் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். மடமடவென்று ஊற்றினால் பேஷண்டுக்கு ஆகாதாம். வெளியே வந்ததை அளந்து, அதே அளவுதான் உள்ளே விடுவார்.

"உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்துச்சு. இது ரெண்டும் தெரிஞ்சா போதும் தம்பி. மனுசனும் பொழைச்சுக்குவான், காரும் பொழைச்சுக்கும்" என்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. "என் சர்வீஸ்ல ஒரு பாட்டில் மாறினது கிடையாது" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றி வைத்திருக்கும் வீட்டில் அதற்குப் பிறகு பாலில்லாத வெறும் தே ஓகூடக் குடிக்க மாட்டார்.

இனி என்னைப் பற்றி. பத்திரிகையில் வாராவாரம் உலகப் பிரச்சினைகளுக்கெல்லாம் தீர்வு எழுதுகிறவன் நான். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என் மனைவி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள்.

என் மகளைக் கேட்டு ரவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. பையனும் பெண்ணும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். பாக்கியிருந்தது பையனின் அப்பா தலையாட்டுவது மட்டும்தான். அவர் லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். "அவங்க அப்பா காரைப் பாத்துத்தான் ஆளையே எடை போடுவாராம்பா" என்று மகள் முகத்தில் கவலையோடு சொன்னாள். அவர்கள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்குவார்கள். நான் போய் என் காரில் அழைத்து வர வேண்டும். அந்தக் காரோ, கியர் மாறும்போதெல்லாம் விக்கியது. ஜாமில் நின்றால் சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டே போனது.

"பேசாம வொர்க்‌ஷாப்ல விட்டுருங்க" என்றாள் மனைவி.

"இதுக்குப் போயா? நானே பண்ணிர்றேன் லா."

மனைவி மகளைப் பார்த்தாள். மகள்தான் எழுந்து வந்து, "அப்பா, ப்ளீஸ்" என்றாள்.

"டிரஸ்ஸர் அங்கிள் கூட இருப்பாரும்மா" என்றதும் இருவருக்கும் மூச்சு வந்தது. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அங்கிள் வெள்ளைச் சட்டையும் டிரிப் ஸ்டாண்டுமாக வந்து சேர்ந்தார். எனக்கு அட்டெண்டர் வேலை, அதாவது டார்ச் பிடிப்பது. போர்ச்சில் காரை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளில் நிறுத்திவிட்டு, கீழே படுத்து கியர் பெட்டியின் திருகைக் கழற்றினார். பால் விடாத காப்பி ஓ நிறத்தில் எண்ணெய் இறங்கியது.

"இதப் பாத்தியா? எத்தனை வருசமா பேஷண்டுக்கு வயித்தக் கழுவல?"

எனக்கே வயிற்றைக் கழுவாததுபோல் வெட்கமாகிவிட்டது. டார்ச்சை வேறு அவர் கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

புது எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்ததும் ரேடியேட்டரின் முறை. அடியில் திறந்துவிட்டதும் துருத் தண்ணீர் கொட்டியது. சுத்தத் தண்ணீரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, இறக்கி, மறுபடி ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவினார். கடைசியில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் புதுக் கூலண்ட். பார்க்கவே ஆசையாக இருக்கும் ரோஜா நிறம்.

"ராத்திரி காத்து வெளியாகி லெவல் எறங்கும். காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது மிச்சத்தக் கொஞ்சமா ஊத்து. கொஞ்சமா!" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மிச்சக் கூலண்ட் இருந்த டப்பாவின் மூடியைக் காணவில்லை. நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது. அப்போதைக்கு, குப்பையில் கிடந்த காலி ரோஸ் சிரப் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் ஊற்றினேன். காலையில் மறந்துவிடக் கூடாதே என்று சமையலறை மேடையில் வைத்தேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு. பக்கத்திலேயே, விருந்தாளிகளுக்காக வாங்கி, மனைவி திறந்து ருசி பார்த்து வைத்திருந்த அதே மாதிரி சிரப் பாட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கக் கலக்கத்தில் மேடையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் தாராள மனசுக்காரன், வழிய வழிய ஊற்றினேன்.

கார் அற்புதமாக ஓடியது. விக்கல் போன இடம் தெரியவில்லை. பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாமில் நின்றபோதுகூட முள் அசையவில்லை.

"கார்ல ரோஜா வாசமா இருக்கே அண்ணே, என்ன சென்ட் போடுறீங்க?" என்று கேட்டார் பையனின் அம்மா.

"எல்லாம் நம்ம டேஸ்ட்தாங்க" என்றேன்.

லோரிக்காரர் மட்டும் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு, "பாகு காய்ச்சுற வாசமால்ல இருக்கு" என்றார். எனக்கு நகைச்சுவையாகப் பட்டது. பலமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தோம். மனைவி ஐஸ் போட்டு, சப்ஜா விதை மிதக்க, ஜாடி நிறைய ரோஜா நிறத்தில் சர்பத் கலக்கிக் கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தாள். அந்த நேரம் டிரஸ்ஸர் அங்கிளும் அழைப்பின் பேரில் போர்ச்சுக்குள் நுழைந்தார். கிரில் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. காரின் முன்னால் நின்றார். தரையில் ஏதோ சொட்டியிருந்தது, அதைச் சுற்றி எறும்புக் கூட்டம். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் காகிதப் பட்டை எப்போதும் பாக்கெட்டில் இருக்கும். ஒன்றை உருவி, சொட்டியதில் நனைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்; பட்டையின் நிறம் மாறியிருந்தது.

"அவரு என்ன பண்றாரு?" என்று கேட்டார் லோரிக்காரர், கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"நம்ம டிரஸ்ஸர் அங்கிள். சும்மா செக் பண்ணுவாரு."

அதற்குள் அங்கிள் செருப்போடு ஹாலுக்குள் பாய்ந்து வந்தார்.

"யாரும் வாயத் திறக்காதீங்க!"

பெண் கேட்டு வந்தவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். லோரிக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. அங்கிள் அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினார். ஒவ்வொரு கிளாஸாக வாங்கி, வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்து, ஜாடியிலேயே திருப்பி ஊற்றினார். கடைசிக் கிளாஸ் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"யாருக்கும் உள்ள போகல" என்றார். "இது கூலண்ட். விஷம். சிரப்பு கார்ல இருக்கு. தம்பி, உன் பேஷண்டுக்கு இனிப்பு நீர்."

எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின. மகள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் கல்யாணத்தை நான் ஒரு ஜாடியில் கலக்கி வைத்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் எழுந்தார்.

"தப்பு என்னோடது. நேத்து நான்தான் பாட்டில மாத்தி வச்சிட்டேன். வயசாச்சு."

ஒரே பெருமையை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர், அதை என் வீட்டு ஹாலில் எனக்காக எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலில் அசைந்தது லோரிக்காரர்தான். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "வாங்க அங்கிள், அந்தச் சிரப்ப இறக்குவோம். சீனி காஞ்சா ரேடியேட்டர் அடைச்சிக்கும்" என்றார். எஞ்சின் ஆறியதும் இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். பட்டப்பகலில் நான் டார்ச் பிடித்தேன். அங்கிள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் லோரிக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, பாட்டில மாத்துனது நீங்கதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னப்ப அவரு உங்களத்தானே மொறைச்சிக்கிட்டு இருந்தாரு!" கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்காக இப்படி ஒருத்தரு பழிய ஏத்துக்கிறாரு. இதுக்கு மேல நான் என்ன விசாரிக்கணும்? பொண்ண எங்க வீட்டுக்குக் குடுத்துருங்க. காரு மட்டும் வேணாம்."

கல்யாணம் நல்லபடி நடந்தது. தாமானில் இப்போதும் சிலர் "அங்கிள், பாட்டில் பாத்து!" என்று அவரைச் சீண்டுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே என்னை முறைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காருக்குச் சர்க்கரை பார்க்கிறார். பட்டையின் நிறம் மாறுவதே இல்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார். நானும் சரி என்கிறேன். பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.