ஏவுகணைக்கு வைத்த பொட்டு

உற்சாகம் வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. அந்தக் கையால் இரண்டு நாட்டு அதிகாரிகளை ஒரு வாரம் அலையவிட்டிருக்கிறேன்.

மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த புதிது. வேலை நிரந்தரமானால்தான் எனக்குப் பார்த்திருந்த கூடுவாஞ்சேரிப் பெண்ணின் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள். அப்போது நட்பு நாடு ஒன்றுடன் சேர்ந்து ஏவுகணை செய்துகொண்டிருந்தோம். உடம்பு நம்முடையது, மூக்கு அவர்களுடையது. ஒருவர் செய்ததை மற்றவர் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். (சம்பந்திகள்கூட இவ்வளவு உஷாராக இருக்க மாட்டார்கள்.)

மூக்கு வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்தேன். அப்படி ஒரு வழவழப்பு! மனுஷன் செய்ததுதானா என்று வாயைப் பிளந்து நின்றேன். மறுநாள் ஆயுத பூஜை. லேத்துக்கும் ஃபேனுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன் நிஜ ஆயுதத்தை விடுவேனா? உடம்போடு பொருந்தும் விளிம்பில் மூன்று பொட்டு, மேலே குங்குமம்.

விடுமுறை முடிந்து அந்நாட்டுப் பொறியாளர் அம்மையார் வந்தார். பொட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் துணியோடு பாய்ந்தேன். போர்மேன் ஏகாம்பரம் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"கை வெச்ச, ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்துரும்! இன்னாடா பேஜாரு பண்ணி வெச்சிக்கீற?"

துடைக்கவும் அவர்கள் நாடு அனுமதிக்க வேண்டுமாம். 'மஞ்சள் பொருள் என்ன?' என்று கேட்டு எழுதினார்கள். 'சந்தனம். வாசனையானது' என்று பதில் போட்டேன். 'நோக்கம்?' என்று திரும்பக் கேட்டார்கள். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று முடிவு கட்டினேன்.

காத்திருந்த நாளில் அம்மையாரை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். ரதங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலை முடியாமல் நிற்கும் ஒன்றைக் காட்டி, "இது எத்தனை நாடுகளின் கூட்டு முயற்சி?" என்றார்.

"ஒரே நாடுதான்" என்றேன்.

"அப்படியுமா முடியவில்லை?" முதல் முறையாகச் சிரித்தார். பிறகு, "நோக்கம் மரியாதை என்று எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். அனுமதி வந்தது. அவரே துடைத்தார். மூக்கு சறுக்கிப் போய் உடம்பில் உட்கார்ந்தது. ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் செய்தது, தலைமுடி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏகாம்பரம்கூட, "இன்னா வேலடா இது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேலை நிலைத்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் இன்றும் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு ஸ்கூட்டர் பக்கம் போனால், என் மனைவி குறுக்கே வந்து நிற்பாள்.

"இருங்க, வண்டி செஞ்ச நாட்ல கேட்டுக்கினீங்களா?"

கிண்ணத்தைப் பிடுங்கி என் மூக்கில் ஒரு பொட்டு வைப்பாள்.

"இதுக்கு மட்டும் அனுமதி வந்துடுச்சு."