மேலே கோட்டு, கீழே பைஜாமா

இனிமேல் பஸ் ஏறுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன்.

போக ஒன்றே கால் மணி, வர ஒன்றரை மணி. அன்று காலை நான் ஒரு கம்பியைப் பிடித்திருந்தேன். என் தோளை வேறொருவர் பிடித்திருந்தார். இறங்கிப் பார்த்தால், சட்டையின் மூன்றாவது பொத்தானை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்.

வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை எத்தனை இல்லை உலகத்தில்! பத்து மணிக்கு வேலை என்றால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு எழுந்தால் போதும். மத்தியானம் சாப்பிட்டதும் கேமராவை அணைத்துவிட்டுத் தலையணையை அணைத்துக்கொள்ளலாம்.

மனைவியிடம் அறிவித்தேன்.

"இனிமே வீட்டுல உட்கார்ந்துதான் வேலை பார்க்கப் போறேன்."

"அது உங்களுக்குப் புதுசா? நான் வேலை செய்யறதை இவ்வளவு நாளும் உட்கார்ந்துதானே பார்த்தீங்க?"

வாயை மூடிக்கொண்டு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் பதினேழு. ஒரு கம்பெனி வயதைக் கேட்டது. சொன்னதும் வணக்கம் சொல்லிவிட்டது. இன்னொரு கம்பெனி ஒரே விரலால்தான் டைப் செய்வீர்களா என்று கேட்டது. "இல்லை, தப்பை அழிக்க இன்னொரு விரல் வைத்திருக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை.

பதினெட்டாவது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனி. வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'கோபமாகப் பேசுபவரைக் குறுக்கிடாமல் கேட்ட அனுபவம் உண்டா?'

'பன்னிரண்டு வருடம். இடைவெளி இல்லாமல்' என்று எழுதினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "இது எந்த ஆபீஸ்லங்க?"

"அது... பல இடத்துல."

"கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு நமக்கு?"

"பதி... பதினொண்ணு இருக்குமா?"

அவள் அந்த விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் பேட்டி என்று பதில் வந்தது. கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி அவர்கள் பேசுவார்களாம். நான் சமாளிக்க வேண்டுமாம்.

"நான் பழக்கி விடறேன்" என்றாள் மனைவி. அன்றிலிருந்து பதிலோடு அவர்கள் அனுப்பியிருந்த மெஷின் கையேட்டை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படித்தாள். எனக்காக இப்படிப் பாடுபடுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை ஒத்திகை. அவள் வாடிக்கையாளர்.

"வணக்கம் மேடம், என்ன பிரச்சினை?"

"சொன்னது எதையும் செய்ய மாட்டேங்குது. சத்தம் மட்டும் போடுது. பாதியில நின்னுடுது."

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா மேடம்?"

"அதுவே தினமும் மத்தியானம் அணைஞ்சுடுது. எழுப்பினாத்தான் ஓடுது."

"வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"பன்னிரண்டு வருஷம்."

"வாரண்டி முடிஞ்சிருக்குமே மேடம்."

"அதையேதான் எங்கப்பாவும் சொல்றாரு."

எந்த மெஷினைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

வெள்ளிக்கிழமை. மேலே கோட்டு, கீழே கோடு போட்ட பைஜாமா. கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே என்ன தெரியப் போகிறது? பேட்டி எடுத்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பின்னாடி ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுது. கொஞ்சம் சாத்திட்டு வர்றீங்களா?"

எழுந்தால் மானம் போய்விடும். "இந்தாம்மா! அந்த ஜன்னலைச் சாத்தேன்!" என்று கத்தினேன். அதற்காகவே காத்திருந்தவள் போல மனைவி வந்து சாத்தினாள். சாத்தியவள் போகவில்லை.

அம்மாள் திடீரென்று குரலை உயர்த்தினார். "என்னய்யா மெஷின் விக்கறீங்க? வீடெல்லாம் தண்ணி! என்ன செய்யப் போறீங்க?"

"மே... மேடம்... உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் தேனாக வழிந்தது. "பதறாதீங்கம்மா. முதல்ல சுவிட்சை அணைங்க. கை ஈரமில்லையே? அடுத்து குழாயை மூடுங்க. பின்பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு பைப் இருக்கும், அது கழண்டிருக்கான்னு பாருங்க. நீங்க பார்க்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "சாம்பல் நிற பைப்பா? எங்க வீட்டு மெஷின் நாலு மாசமா ஒழுகுதும்மா. ஒருத்தரும் இதைச் சொல்லலையே! நீங்க ஏன் இந்த வேலைக்கு விண்ணப்பம் போடக் கூடாது?"

"போட்டாச்சு மேடம்" என்றாள் என் மனைவி. "பதினொன்றரைக்கு அடுத்த பேட்டி என்னோடதுதான். ஏங்க, கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"

எழுந்தேன். அடுத்த அரை மணி நேரம் அடுப்படியில் நின்றேன், கோட்டும் பைஜாமாவுமாக. உள்ளே இரண்டு பெண்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. எனக்கும் வேலை! நீச்சல் கேள்வி அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டதாம். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஆடினேன். அவளும் கூட ஆடினாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஆடியது அன்றுதான். பழைய ஆபீசுக்கு ராஜினாமா கொடுத்துவிட்டு, கடைசித் தடவையாக பஸ்ஸில் வரும்போது கண்டக்டருக்குக் கை கொடுத்துவிட்டே இறங்கினேன்.

அவளுடைய கடிதத்தை மட்டும் நான் முழுதாகப் படிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தோன்றவில்லை.

முதல் நாள். எனக்குக் கூடம், அவளுக்கு உள் அறை. பன்னிரண்டு மணிக்குள் பதினான்கு புகார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் சோபா கூப்பிட்டது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் விடுப்புப் படிவத்தைத் திறந்து, 'கடும் தலைவலி. இரண்டு மணி நேரம் ஓய்வு தேவை' என்று மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன்.

உள் அறைக் கதவு லேசாகத் திறந்து மூடியது. அரை நிமிடத்தில் பதில் வந்தது:

'நிராகரிக்கப்படுகிறது. தலைவலிக்காரர் சோபாவில் காலாட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பதை மேலதிகாரி இப்போதுதான் நேரில் பார்த்தார்.'