நானூற்றுப் பன்னிரண்டிலேயே நின்ற கார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். கார் சௌக்கியமா இல்லையா என்பதில்தான் தகராறு. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

நீ சொன்னபடி காரை விற்க ஏற்பாடு செய்தேன். அடுத்த தெருவில் புதிதாக ரொட்டிக்கடை போட்டிருப்பவர் பார்க்க வந்தார். கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போட வண்டி வேண்டுமாம். தங்கமான மனிதர். "எவ்வளவு ஓடியிருக்கு சார்?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு. முப்பத்தொரு வருஷம் வீடு வீடா தண்ணி மீட்டர் பார்த்தவன் சொல்றேன், மீட்டர் பொய் சொல்லாது" என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டேன்.

அவர் கூட்டிவந்த மெக்கானிக் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. குனிந்து பிரேக் மிதியைத் தடவினார். "ரப்பர்ல ஒரு வரிகூட இல்லையே சார், இது வெறும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மிதிச்ச மிதி மாதிரி தெரியலையே" என்றார். டிரைவர் சீட்டை அமுக்கினார், அது அமுங்கின இடத்திலேயே கிடந்தது. ஆயில் மூடியைத் திறந்து மோந்தார், புகைக்குழாயில் வெள்ளைத் துணி பிடித்தார், கடைசியில் எங்களை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் வரை ஒரு ரவுண்டு போய்வந்து, மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார். "கிளம்பும்போது நானூத்திப் பன்னிரண்டு. இப்பவும் நானூத்திப் பன்னிரண்டு. அப்ப நாம எங்கயுமே போகலையா சார்?"

ஸ்பீடு முள் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்ததில் ஏமாந்துவிட்டேனம்மா! மீட்டர் நின்றுபோன வீடுகளில் எத்தனை நோட்டீஸ் ஒட்டியவன் நான்! ஒரு தையல்கார அம்மா "சத்தியமா கவனிக்கலைங்க" என்று அழுதபோது, "தினம் புழங்குற மீட்டர் நின்னா தெரியாமயா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு இணைப்பை வெட்டிய பாவி நான்தானே. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பழைய சர்வீஸ் சீட்டுகளைக் கிளறினால், ஒன்பது வருஷமாக எல்லாச் சீட்டிலும் அதே நானூற்றுப் பன்னிரண்டு. மனப்பாடமாகச் சொல்லி எழுதவைத்ததும் நானேதான். வண்டி அதிகம் ஓடவில்லை என்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். மானம் கப்பலேறிவிட்டது.

ரொட்டிக்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இருந்த ஸ்கூட்டரையும் வித்துட்டேன் சார். இது பாதி வழியில நின்னா என் கடையும் நின்னுடும். நெசமா எவ்வளவு ஓடியிருக்குன்னு மட்டும் எழுதிக் கொடுங்க" என்றார். மெக்கானிக்தான் கொஞ்சம் இரக்கப்பட்டார். "பாடி மூணு லட்சம் பார்த்த பாடியா இருக்கலாம். ஆனா இன்ஜின் சொன்ன பேச்சு கேக்குது, இன்னும் ஒரு லட்சம் தாங்கும்" என்று அதற்கேற்ற ஒரு விலையும் சொன்னார்.

இருக்கலாம் என்பதெல்லாம் ரீடிங் ஆகுமா? அதனால் நீ உட்கார்ந்து, இந்த ஒன்பது வருஷத்தில் நம் வண்டி உனக்காக எங்கெங்கே போனது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. ஹாஸ்டலுக்குக் கொண்டுவிட்டது, வீடு மாற்றியது, மாப்பிள்ளையோடு சண்டை என்று நீ அழுததும் உன்னைக் கூட்டிவர நான் கிளம்பி, பாதி வழியில் "சமாதானம் ஆயிட்டோம்ப்பா" என்று நீ போன் செய்து திரும்பியது (அதைப் பாதியாகப் போடு), எல்லாம் வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை மட்டும் நானே போட்டுக்கொள்கிறேன். வாரம் மூன்று தடவை, போக வர நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பதினாறு மாதம். அவள் அக்கம்பக்கம் இல்லாதபோது போடுவேன். மீட்டர் எந்த நாளில் நின்றது என்பதுதான் பிடிபடவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு என் முத்தம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஓடுகிற மீட்டரோடும் இருக்க வாழ்த்தும்,
அப்பா

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப்போன நேரத்தில் அம்மா இதைப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். "அது நின்னது எனக்கு அப்பவே தெரியும்ங்க" என்கிறாள்! ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது வாரமாம். "ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். "சொன்னா வண்டியை ஒர்க் ஷாப்ல விட்டுடுவீங்க. அப்புறம்... அது அப்படியே இருக்கட்டும்னு தோணிச்சு. வீட்டு வாசலுக்கு வந்ததும் எட்டிப் பார்ப்பேன். கிளம்பின நம்பர்லயே இருப்போம். எங்கயும் போகலை, ஒண்ணும் நடக்கலைன்னு நினைச்சுக்குவேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டதம்மா.

அதனால் கணக்கு எதுவும் அனுப்பாதே, நானும் போடப்போவதில்லை. ரொட்டிக்காரருக்கு விஷயத்தைச் சொல்லி, "ஓடிய தூரம் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, மெக்கானிக் சொன்ன விலைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் தெரியாது என்று நான் எழுதிய ரீடிங் இது ஒன்றுதான்.