கறுப்பிக்குப் புகை போட்ட கதை

எங்கள் பரம்பரையில் எந்தப் பழமும் மரத்திலேயே பழுத்ததாகச் சரித்திரம் இல்லை. மாங்காய் கொஞ்சம் முற்றினால் போதும், அப்பா அதைப் பிடுங்கி வைக்கோலுக்குள் புதைத்துவிடுவார். அன்னமுன்னா என்கிற சீத்தாக்காய் அரிசி மூட்டைக்குள் போகும். வாழைக்குலை மண்ணில் வெட்டிய கிடங்குக்குள் இறங்கிப் புகை குடிக்கும். ஏன் என்று கேட்டால், விட்டு வைத்தால் வௌவால் தின்னும், வௌவால் விட்டால் அணில், அணில் விட்டால் குரங்கு, குரங்கும் விட்டால் சித்தப்பா என்பார். (சித்தப்பாவைக் கடைசியில் சொன்னது மரியாதைக்காக.) ஆகவே காய் முற்றினால் பிடுங்கு, பிடுங்கினால் புகை போடு என்பதே எங்கள் ஊரான கிளிவெட்டியில் நான் படித்த முதல் விவசாயப் பாடம். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு திருகோணமலை நகரத்தில் ஒரு கறுப்பு அத்திமரத்தின் உயிரைக் காப்பாற்றப் புறப்பட்டேன். மரம் என்னிடமிருந்து தப்பியதே பெரிய காரியம்.

கலியாணம் முடித்த புதிதில் நானும் சுகந்தியும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் வீட்டுக்காரி றீட்டா அன்ரி இருந்தார். ஓய்வு பெற்ற சங்கீத ரீச்சர். கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் அவர்தான். நாங்கள் கேற்றைச் சாத்தும்போது அது எந்தச் சுருதியில் கிறீச்சிட்டது என்று விறாந்தையில் இருந்தபடியே சொல்லக்கூடியவர். நல்ல மனுசி, ஆனால் ஒரு முறை சொன்னால் சொன்னதுதான்.

அந்த நாட்களில் எனக்கு அத்திப் பைத்தியம் பிடித்திருந்தது. காரணம் முகநூலில் இருந்த ஒரு குழு. உலகம் முழுவதும் வீட்டு முற்றத்தில் அத்தி வளர்க்கிறவர்கள் அதில் இருந்தார்கள். கறுப்பு ரகங்கள் என்றால் அவர்கள் உருகிப்போவார்கள். "வாயில் வைத்ததும் தேன், பிறகு ஸ்ட்ரோபெரி ஜாம், கடைசியில் மெல்லிய புளிப்பு" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர் அதில் பேரீச்சம்பழ வாசமும் உண்டு என்று சண்டை பிடிப்பார். நான் அதுவரை தின்ற அத்திப்பழம், பெட்டியில் அடைத்து வரும் காய்ந்த சாமான் மட்டும்தான். இருந்தாலும் கொஞ்சக் காலத்திலேயே நானும் அங்கே தேன், புளிப்பு என்று கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன். தெரியாத விஷயத்தில் எனக்கு எப்போதும் துணிவு அதிகம்.

கண்டிப் பக்கத்தில் ஒருவர் தபாலில் தண்டுகள் அனுப்பினார். ஒன்றை மான் தின்றது. (திருகோணமலையில் மான்கள் தெருவில்தான் திரியும். கேற்றைத் திறந்து வைத்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வந்துவிடும்.) இன்னொன்று நான் காட்டிய அன்பில், அதாவது ஊற்றிய தண்ணீரில், அழுகிப்போனது. மிஞ்சிய ஒன்று கேற்றுக்கு உள்ளே மதிலோரமாகப் பிடித்துக்கொண்டது. நிலாவெளியில் கரைவலை இழுக்கும் ஒருவரிடம் கிழிந்த வலைத்துண்டு வாங்கிவந்து சுற்றிக் கட்டினேன். மரம் என் உயரத்தைத் தாண்டியதும் அதற்குக் கறுப்பி என்று பெயரும் வைத்தேன்.

வேலை விட்டு வந்ததும் நேரே கறுப்பியிடம்தான் போவேன்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கும் ஒருத்தி இருக்கிறன்," என்பாள் சுகந்தி குசினி ஜன்னலுக்குள்ளால்.

முதல் தடவையாகக் காய்கள் வந்து பச்சைப் பசேலென்று உருண்டு திரண்டிருந்த நேரம், றீட்டா அன்ரி எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, மகன் குடும்பத்தோட கனடாவில இருந்து வாறான். நிக்கிற வரைக்கும் ஒரு வாடகை வான் பிடிச்சு வைச்சிருப்பான். அதை உள்ளுக்கு விட இடம் வேணும். அந்த மரத்தை எடுக்கத்தான் வேணும்."

மரம் நிற்பது அவருடைய காணி. வாடகைக்கு இருக்கிறவன் உரிமை பேச ஏலாது. ஆனால் அந்த மரத்தை வெட்டவும் எனக்கு மனம் வராது. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு மரம் எந்த இடத்தைப் பிடிக்கும் என்று சுகந்திக்கும் தெரியும். கேலி பண்ணினாலும் கழுநீரைக் கறுப்பிக்கு ஊற்றுகிறவள் அவள்தான்.

"அன்ரி, ஒரேயொரு பழம் சாப்பிட்டுப் பாருங்கோ. பிடிக்காட்டி நானே வெட்டித் தாறன்," என்றேன்.

அன்ரி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக்குக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு கதை இல்லை."

சனிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காய்களோ கல் மாதிரிப் பச்சை. முகநூல் குழுவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பழுக்கவைப்பது எப்படி என்று ஒரு கிளிவெட்டிக்காரன் போய் வெளிநாட்டுக்காரனிடம் கேட்பதா? அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அத்திக்காய்க்குப் புகை போடலாமோ?"

"இதென்ன கேள்வி? காய் எண்டா புகை போட்டாப் பழுக்கும். பழுக்காட்டி அது காய் இல்லை, கல்லு," என்றார் அப்பா. நாற்பது வருட விவசாயியின் வாக்கு. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

கைக்கு எட்டியதையெல்லாம் பிடுங்கினேன். காம்பில் பால் பாலாகக் கொட்டியது. விரல் பிசுபிசுத்து அரித்துக் கடித்தது. அதையும் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன். அனெக்ஸுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, துணைக்கு ஒரு வாழைக்குலையையும் இறக்கி, வாழைச்சருகால் மூடி மண் அணைத்து, ஓரத்தில் விட்ட ஓட்டைக்குள் சிரட்டைப் புகையை ஊதினேன். ஊதி ஊதி எனக்கே தலை சுற்றியது. புகை மதிலைத் தாண்டி அன்ரி காயப்போட்டிருந்த கோயில் பாட்டுடுப்பைத் தடவிக்கொண்டு போனது. (வெள்ளை உடுப்பு. அதைப் பற்றி அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பார்வையில் சொல்வதற்காக வைத்திருந்தார்.)

சனிக்கிழமை காலையில் கிடங்கைத் திறந்தபோது வாழைப்பழம் தங்கமாக மின்னியது. அத்திக்காய்கள் கறுத்திருந்தன!

"சுகந்தி, ஓடி வாரும்! கறுத்திட்டுது!"

அவள் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு சுவரில் தட்டினாள். டக் டக் என்று சத்தம் கேட்டது.

"இது பழுக்கேல்லை. புகை பிடிச்சுக் கிடக்கு."

"உமக்குத் தெரியாது. இந்த ரகத்துக்குத் தோல் கொஞ்சம் உறுதி."

"அப்ப நீங்கள் ஒண்டைத் தின்டு பாருங்கோ."

அதைத்தான் நான் செய்திருக்க வேண்டும். ஆனால் மரத்தின் முதல் பழத்தை வீட்டுக்காரியின் முன்னால், எல்லோரும் ஒன்றாகக் கடிக்க, அதைப் போனில் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று ஒரு கனவு வைத்திருந்தேன். பழங்களைத் துடைத்து, மினுங்குவதற்காகத் தேங்காயெண்ணெய் தடவி, சுகந்தியின் சீதனக் கண்ணாடித் தட்டில் அடுக்கினேன். பார்வைக்கு அருமையாகத்தான் இருந்தன. அதுதான் வினை.

றீட்டா அன்ரி விறாந்தையில் கதிரைகளை ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தார். மறுநாள் கோயில் திருநாள். திருநாள் பூசையில் அவருடைய தனிப்பாட்டு இருந்தது. அதற்காக மூன்று மாதமாகத் தொண்டையைப் பாதுகாத்து, ஐஸ் தண்ணீரைத் தொடாமல் இருந்தவர். நான் போனைப் பதிவு செய்யச் சாய்த்து வைத்துவிட்டு, தட்டை நீட்டி, குழுவில் படித்த வசனங்களை ஒப்புவித்தேன். தேன் வரும் என்றேன், ஸ்ட்ரோபெரி வரும் என்றேன். பேரீச்சம்பழத்தையும் சேர்த்துவிட்டேன். மூவரும் ஆளுக்கு ஒன்றை எடுத்து ஒரே நேரத்தில் கடித்தோம்.

கடித்த இடத்தில் பால் வந்தது. வீடு கூட்டும் தும்புக்கட்டையைப் புகையில் போட்டு எண்ணெயில் தோய்த்துத் தின்றால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு ருசி. சுகந்தி உடனே கையில் துப்பிவிட்டாள். என்னால் துப்ப முடியவில்லை. மரத்தின் உயிர் என் முகத்தில் அல்லவா தொங்குகிறது? மென்றேன். கண்ணில் தண்ணீர் வர வர மென்றேன்.

"பாத்தீங்களே அன்ரி," என்றேன், "இப்பதான் மெல்ல மெல்லத் தேன் வருது."

அன்ரி நல்ல குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் தந்த பலகாரத்தைத் துப்பத் தெரியாது. முழுவதையும் விழுங்கிவிட்டு, ஒரு வாய்த் தேத்தண்ணீர் குடித்தார். பிறகு உதட்டைத் தொட்டார். மறுபடி தொட்டார்.

"தம்பி," என்றார், "இது கடிக்குது."

எனக்கும் கடித்தது. கருணைக்கிழங்குக் கடி அதற்குப் பக்கத்திலும் நிற்காது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அன்ரியின் கீழ் உதடு வீங்கத் தொடங்கியது. என்னுடையதும் வீங்கியது. சுகந்தி உள்ளே ஓடி ஐஸ் எடுத்து வந்தாள். மூன்று மாதமாக ஐஸைத் தொடாத மனுசி, ஐஸ் கட்டியை உதட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். போன் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

மறுநாள் திருநாள் பூசைக்கு நானும் போனேன். நான் சைவக்காரன்தான், ஆனாலும் அந்தக் காலையில் வீட்டில் இருக்க மனச்சாட்சி விடவில்லை. கடைசி வரிசை வாங்கில் ஒதுங்கி நின்றேன். தனிப்பாட்டு வரவேண்டிய இடத்தில் ஆர்மோனியப் பெட்டி மட்டும் ஒலித்தது. அன்ரி புகை மணக்கும் வெள்ளை உடுப்போடு, வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு நின்று, திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் ஒரு கிடங்கு இருந்திருந்தால் நானே இறங்கிச் சருகால் மூடியிருப்பேன்.

வீக்கம் வற்றியதும் அவர் சொன்னது ஒரு வசனம்தான். "மகன் வர முதல் மரத்தை எடுத்துப்போடுங்கோ, தம்பி." ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கத்தியைத் தீட்டிவிட்டு ஒரு நாளும், தலையிடி என்று ஒரு நாளும், செவ்வாய்க்கிழமை மரம் வெட்டக் கூடாது என்று ஒரு நாளுமாகத் தள்ளிப்போட்டேன். இனித் தள்ள ஏலாது என்ற நிலை வந்த பின்னேரம், கத்தியோடு போய் முதலில் வலையை அறுத்தேன். அன்ரி விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி வெளியே வரவேயில்லை.

மதில் பக்கமாக இருந்த ஒரு கொப்பை வளைத்தபோது, பெரிய இலையின் அடியில் ஏதோ கையில் பட்டது. நான் பிடுங்காமல் விட்ட ஒரு காய். காய் இல்லை, பழம். கழுத்து மெலிந்து, தலை கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. தோல் மெல்லிய கோடுகளாக வெடித்து, அடியில் ஒரு சொட்டுப் பாகு நின்றது. தொட்டதும் தானாகவே கைக்குள் வந்தது. காம்பில் பால் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது மரத்தில் நின்றுதான் பழுக்கும். பிடுங்கிவிட்டால் அதோடு சரி, எந்தப் புகைக்கும் மசியாது. எங்கள் பரம்பரை முழுவதையும் தோற்கடிக்க வந்த பழம்.

அன்ரி எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டார். நான் பழத்தை நீட்டினேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"முதல்ல நீங்கள் தின்னுங்கோ."

நியாயம்தானே? இரண்டாகப் பிய்த்தேன். உள்ளே சிவப்பாக இருந்தது. பாதியை வாயில் போட்டேன். தேன், ஸ்ட்ரோபெரி என்று படித்த ஒரு சொல்லும் ஞாபகத்துக்கு வரவில்லை. கத்தியையும் மறந்து சும்மா நின்றேன்.

"என்ன, தேன் வரேல்லையோ?" என்றார் அன்ரி.

கையில் இருந்த பாதியை அவரிடம் நீட்டினேன். அழுகைதான் வந்தது.

"இவ்வளவு நாளில இண்டைக்குத்தான் தம்பி கதையாமல் நிக்கிறார்," என்று தனக்குள் சொல்லியபடி மற்றப் பாதியை வாங்கி, உதட்டில் படாமல் பல்லால் கொஞ்சம் கடித்தார். பிறகு முழுவதையும் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்ததும் கேற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார்.

"வானை றோட்டில விடட்டும்," என்றார்.

உள்ளே குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. சுகந்தி ஜன்னலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மகன் வந்து வானைத் தெருவில்தான் விட்டான். அதன் நிழலில் மான்கள் படுத்தன. அடுத்த திருநாளில் அன்ரி தனிப்பாட்டைப் பாடினார். கறுப்பி இப்போது மதிலுக்கு மேலால் தெருவை எட்டிப்பார்க்கிறது. ஆனால் அதில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. அன்ரி தானே வந்து, கழுத்துத் தொங்குகிறதா என்று பார்த்துப் பறிப்பார். அப்பாவும் ஒரு முறை வந்து ஒரு பழம் தின்றார். நெடுநேரம் யோசித்துவிட்டு, "புகையின்ர அளவில ஏதோ பிழை விட்டிருக்கிறாய்," என்றார்.

பிறகு சுகந்திக்குப் பிள்ளை தங்கியது. டொக்டர் சொன்ன நாள் வந்தது, போனது, பிள்ளை வரவில்லை. நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வருகிற நேர்சம்மாரையெல்லாம் மறித்து, ஏதாவது கெதியாகச் செய்ய ஏலாதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்த றீட்டா அன்ரி செபமாலையை மடியில் வைத்துவிட்டு, அந்த விறாந்தை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"தம்பி, இதுக்குப் புகை போட ஏலாது. இருங்கோ."

உள்ளே வார்டில் கிடந்த சுகந்தி சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும் இந்த வசனம்தான். இரண்டு நாள் கழித்து மகள் பிறந்தாள், நல்ல கறுப்பாக, கொழுகொழுவென்று. அன்ரி அவளை வாங்கி, கழுத்தை மெல்லத் தாங்கிப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார். எங்கள் பரம்பரையில் மரத்திலேயே பழுத்த முதல் ஆள் அவள்தான்.