அது தானாப் பிடிச்சுக்கும்

"தெரியாது" என்ற சொல்லில் மொத்தம் நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால், பத்தொன்பது குடும்பங்கள் குடிக்கிற தண்ணீரை ஒரே நொடியில் எட்டாத ஆழத்துக்கு அனுப்பிவைத்தவள் நான். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் எழுதாவிட்டால் என் அண்ணன் சொல்லுவான். அவன் சொல்லும்போது ஆழம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகிறது.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒன்பது மாதமாக வீட்டில் இருந்தேன். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மில்களில் கேட்ட முதல் கேள்வியே "கல்யாணம் எப்பம்மா?" என்பதுதான். அப்படி ஒரு நாளில்தான் ஒரு கிறிஸ்தவ மிஷன் நடத்திய தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனேன். மலையடிவாரக் குடியிருப்புகளில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கு சோலார் விளக்கு பழுது பார்க்க, தையல் மிஷின் சரிசெய்ய, கைபம்பு கழற்றி மாட்டக் கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலை. நிலையத்தை நடத்தியவர் சிஸ்டர் லில்லி. கன்னியாஸ்திரி என்றால் வெள்ளை வெளேரென்று ஜெபமாலையோடு இருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் முழங்கை வரை கிரீஸோடு ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சான்றிதழை வாங்கியதில் அதன் மூலையில் அவர் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. (இன்றும் இருக்கிறது. போலீஸில் கொடுத்தால் பிடித்துவிடலாம்.)

"கைபம்பு கழட்டி மாட்டத் தெரியுமா ரஜியா?"

"தெரியும் சிஸ்டர்."

எனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு படம். அதுவும் பாதிப் படம். கீழ்ப்பாதி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. பரீட்சைக்கு வராது என்று சீனியர் சொன்னதால் நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் அத்தா உடனே சரி என்றார். சிஸ்டர், பாதிரியார், மிஷன் என்றதும் அம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் கவலையெல்லாம் சிஸ்டர் ஓட்டும் ஜீப்புக்கு ஒரு பக்கம் கதவு இல்லை என்பதுதான். "அந்தப் பக்கம் உக்காராதடி" என்பதோடு அனுமதி கிடைத்தது.

நத்தம் சாலையில், மாந்தோப்புகளைத் தாண்டி, சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்தக் குடியிருப்பு. பத்தொன்பது வீடுகள், ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரே ஒரு கைபம்பு. நாற்பது தடவை அடித்தால் அரைக்குடம் தண்ணீர் வரும். அடியில் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். பம்பை முழுதாக வெளியே எடுத்து, வாஷரை மாற்றி, மறுபடி இறக்குவது. அதையே பயிற்சியாக ஏழு பெண்களுக்குச் செய்து காட்டுவது. செய்து காட்டப்போவது நான்.

முதலில் சிஸ்டர் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். நானும் மனதுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். பெயர் முருகாயி. முப்பது வயதிருக்கும். தோப்பில் மாங்காய் பறிக்கும் வேலை.

"டீச்சர், நீங்களும் சிஸ்டர் சாமிதானா?"

"இல்லக்கா. நான் முஸ்லிம்."

"அப்ப எந்தச் சாமிக்காக இதச் சொல்லிக்குடுக்க வந்திருக்கீங்க?"

"சம்பளத்துக்காக."

அவளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற ஆறு பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. தண்ணி மேல வருதே, அத கீழருந்து ஏதாவது தள்ளுதா, மேலருந்து இழுக்குதா? கைப்பிடிய மேல தூக்கும்போது வராம, அமுக்கும்போது மட்டும் ஏன் வருது? உள்ள எம்புட்டு தூரம்? வாஷர் என்ன மாட்டுத் தோலா ஆட்டுத் தோலா? கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. அத்தா தோல் குடோனில் வேலை பார்ப்பவர். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் "அது அப்புறம் வரும்" என்றேன். (ஆசிரியர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.)

தலைப்பகுதியைக் கழற்றியாயிற்று. உள்ளே பத்தடி நீளப் பைப்புகள் எட்டு, ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கின. ஒவ்வொரு இணைப்பிலும் கப்ளிங் என்ற தடித்த இரும்பு வளையம். பைப்பைத் தூக்கி, குழியின் வாயில் கிளாம்ப் என்ற இரும்புப் பிடியைப் போட்டு நிறுத்தி, மேலே வந்த பைப்பைத் திருகிக் கழற்ற வேண்டும். இரண்டு பைப்பு வரை சிஸ்டர் பக்கத்தில் நின்று கிளாம்பின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தார். அதனால் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு அவருக்குப் போன் வந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனார். மூன்றாவது பைப்பு.

நாலு பேர் பெரிய ஸ்பேனர்களால் பைப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முருகாயி குனிந்து கிளாம்பைப் பார்த்தாள்.

"டீச்சர், இந்தக் கைப்பிடிய அமுக்கி வைக்கணுமோ? சிஸ்டர் அமுக்குனாங்களே?"

"வேண்டாம்க்கா. அது தானாப் பிடிச்சுக்கும். எல்லாரும் விடுங்க."

விட்டார்கள்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நூறு அண்டாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஆரம்பித்து, கிணற்றுக்குள் யானை குதித்த மாதிரி முடிந்தது. அறுபது அடிப் பைப்பு, உள்ளே இருந்த கம்பிகள், அடியில் வாஷரை வைத்திருந்த சிலிண்டர் எல்லாம் போயே போய்விட்டன. சிஸ்டர் "யேசுவே!" என்றார். நான் "யா அல்லாஹ்!" என்றேன். முருகாயி "ஆத்தாடி!" என்றாள். மூன்றும் ஒரே நேரத்தில்.

சிஸ்டர் மெதுவாக நடந்து வந்தார். குழிக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இனி என்ன செய்யணும் ரஜியா?"

அவரைத் தனியாக ஜீப் பக்கம் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். "சிஸ்டர், நான் இதுவரைக்கும் ஒரு பம்பைக்கூடக் கழட்டுனதில்ல. பொய் சொல்லிட்டேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "நானும் கழட்டுனதில்லம்மா. மோட்டார் எனக்குத் தெரியும், சோலார் தெரியும். கைபம்பு தெரியாதுன்னுதானே உன்ன எடுத்தேன். காலைல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ பார்த்தேன். அவ்வளவுதான்."

இரண்டு பேரும் கதவில்லாத பக்கத்தில் சாய்ந்து நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது? அவருக்கும் வந்தது. அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆனால் திரும்பிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் காலிக் குடங்களோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அரைக்குடமாவது வந்துகொண்டிருந்த பம்பு அது. இனி தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தோப்புக்காரர் மோட்டார் போடும் நேரம் பார்த்து நிற்க வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். இடுப்பில் குடத்தை நிறுத்தத் தெரியாத பெண்ணை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். நான் திரும்பி வந்தபோது குடத்தில் இருந்ததைவிட என் சுடிதாரில்தான் அதிகத் தண்ணீர் இருந்தது.

அதற்குள் சிஸ்டர் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கியிருந்தார். குழியின் மேல்பகுதி இரும்புக் குழாய் என்பதை மறந்துவிட்டார். காந்தம் ஆறாவது அடியிலேயே சுவரில் ஒட்டிக்கொண்டது. இப்போது மீட்கவேண்டிய பொருள் இரண்டு.

முருகாயி வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வெயிலில் பிடித்துச் சாய்த்தாள். வெளிச்சம் ஒரு கம்பிபோல நேராகக் குழிக்குள் இறங்கியது.

"தெரியுது டீச்சர்! வந்து பாருங்க!"

குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஐம்பது அடி ஆழத்தில் பைப்பின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்குக் கீழே, ரொம்பக் கீழே, பொட்டு மாதிரி தண்ணீர் மினுங்கியது. புத்தகத்தில் நான் திருப்பாமல் விட்ட பக்கம். ஒரு நிமிடம் நான் செய்த காரியமே எனக்கு மறந்துபோனது. எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பெரியவர், சின்னவர், கைக்குழந்தை வைத்திருந்தவர் என்று எல்லோரும் முறைபோட்டுப் படுத்துப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "இம்புட்டு வருசமா குடிக்கிறேன், எங்கருந்து வருதுன்னு இன்னைக்குத்தான்யா பாத்தேன்" என்றார். அவர் எனக்கு நன்றி சொல்வதுபோல இருந்தது. எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை.

வெளியே கிடந்த இரண்டு பைப்புகளையும் முருகாயி தடவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்த வளையம் குண்டா இருக்கு. பைப்பு ஒல்லியா இருக்கு. உள்ள நிக்கிற பைப்போட தலைலயும் இதே வளையம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அதுக்குக் கழுத்து இருக்கு. கம்மாயில மீனுக்குக் கூடு வைப்போம்ல, வாய்ல குச்சியெல்லாம் உள்பக்கமா சாஞ்சிருக்கும். மீனு உள்ள போயிரும், திரும்பி வர முடியாது. அதே மாதிரி இரும்புல ஒரு கூடு செஞ்சு மேல கவுத்துனா? வளையம் உள்ள போகும். இழுத்தா கழுத்துல மாட்டிக்கிரும்."

நான் வாயைத் திறந்து, "அதுக்குன்னு தனியா ஒரு கருவி இருக்குக்கா, மெட்ராஸ்லதான் கிடைக்கும்" என்று சொல்லப் போனேன். அப்படி ஒரு கருவி இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நாலு எழுத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. செஞ்சு பாப்போம்."

அவள் மண்ணில் குச்சியால் வரைந்தாள். சிஸ்டர் அளவெடுத்துக்கொண்டு நத்தத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு ஜீப்பில் பறந்தார். மறுநாள் காலை எங்களோடு வந்தது அந்தக் கூடு. ஒரு சாண் நீளத்துக்கு அகலமான குழாய், அதன் உள்ளே மேல்நோக்கிச் சாய்ந்த மூன்று தடித்த தகடுகள். தோப்புக்காரர் கிணற்று மோட்டார் தூக்கும் இரும்பு வடத்தைக் கொடுத்தார். அதில் கட்டி இறக்கினோம். (காந்தமும் அதிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வந்தது தனிக்கதை.)

முருகாயி கண்ணாடியோடு படுத்துக்கொண்டாள். நான் வடத்தைப் பிடித்தேன்.

"செத்த நொட்டாங்கைப் பக்கம்... இன்னும்... ஐயோ தாண்டிருச்சு. மேல தூக்குங்க. இப்ப விடுங்க. மெதுவா, மெதுவா டீச்சர், அது எங்கயும் ஓடிறாது..."

பதினோரு தடவை தவறியது. பன்னிரண்டாவது தடவை வடம் வழியாக என் உள்ளங்கைக்கு ஒரு "டக்" வந்து சேர்ந்தது. அந்த "டக்"கைப்போல ஒரு சுகத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. என் நிக்காஹ்வையும் சேர்த்தே சொல்கிறேன். (கணவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.)

ஊரே சேர்ந்து வடத்தை இழுத்தது. கழுத்து மேலே தெரிந்ததும் கிளாம்பைப் போட்டோம். நான் கைப்பிடியைத் தொடுவதற்கு முன் முருகாயி அதை அமுக்கி, அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பைப்புக்கும் அப்படியே. கடைசியில் சிலிண்டர் வந்தது. அதைப் பிரித்ததும், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் கண்டுபிடித்து எனக்கு விளக்கினாள். தேய்ந்துபோன தோல் வாஷரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் துண்டுத் தோலா எங்கள நாப்பது அடி அடிக்க வச்சுச்சு?"

மாலைக்குள் எல்லாம் இறக்கி மாட்டியாயிற்று. முதலில் காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த தண்ணீர். பிறகு தெளிந்த தண்ணீர், பத்தே அடிக்கு ஒரு குடம். நான் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது முருகாயி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு உண்மையச் சொல்லுங்க டீச்சர். இதுக்கு முன்னாடி எத்தன பம்பு கழட்டிருக்கீங்க?"

"இதுதான்க்கா மொத பம்பு."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளாசுன்னு சொல்லுங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் தோப்புக்காரரே எட்டிப் பார்த்தார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. முருகாயி இப்போது அடிவாரத்தைச் சுற்றியுள்ள பம்புகளுக்கெல்லாம் மெக்கானிக். கைபம்புப் பயிற்சியையும் அவள்தான் நடத்துகிறாள். பைப்பு உள்ளே விழுந்தால் எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறாள். சிஸ்டர் அச்சடித்துத் தரும் பயிற்சி அட்டவணையில், இரண்டாம் நாளுக்கு எதிரே, "ரஜியா பாடம்" என்று இருக்கிறது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். "பேர் சொன்னாத்தான் டீச்சர் பிள்ளைகளுக்கு மனசுல நிக்குது" என்கிறாள்.

அந்த அட்டவணை ஒன்றை அம்மா எப்படியோ கைப்பற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். "எங்க குடும்பத்துல யாரு பேர்ல பாடம் வந்திருக்கு? எம்மக பேர்லதான் வந்திருக்கு" என்பார். வந்தவர்களும் மரியாதையோடு என்னைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, அப்படி என்ன பாடம்மா?" என்று கேட்பார்கள்.

அதற்காகவே காத்திருக்கும் என் அண்ணன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவான்.