நீ மட்டும் ஏன் மச்சான் போனை எடுத்த?

அன்புள்ள மச்சான் ஓரெஸ்டுக்கு,

யார்க்டன்லேர்ந்து டேரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பூனையும் நலம். அங்கு நீயும் டிராக்டரும் நலமான்னு மரியாதைக்குக் கேட்டுக்கறேன். கடிதமா எழுதறது நேர்ல சொன்னா அழுதுடுவேன்னு இல்ல, அழுகை வரவும் மாட்டேங்குது.

லரிசா கண்ண மூடினப்புறம் அவ போனை நேத்துதான் திறந்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு உன் பேர் இருக்கு. பொண்டாட்டி போன்ல புருஷன் பேர் இல்ல! கடைல அவ மயங்கி விழுந்தப்போ முதல்ல உனக்கு ஏன் போன் வந்துச்சுன்னு இப்பதான் புரியுது. கடைசியா அவ கையப் பிடிச்சிருந்தது நீ. நான் செல்போன் டவர்ல வேலை பாக்கறவன், போனைப் பத்திரமா எப்படி வச்சுக்கணும்னு ஊருக்கே வகுப்பெடுக்கறவன். நீ யாரு? உறைஞ்ச ஏரி ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கறப்போ பேசிக்கிட்டே போனை உள்ள விட்டு, தோள் வரைக்கும் கைய விட்டுத் துழாவினவன், ஏணி உச்சில நின்னு "சொல்லு தங்கச்சி"ன்னு ரெண்டு கையையும் விட்டவன், தலகாணிக்கு அடியில சார்ஜ் போட்டு தலகாணியக் கருக்கினவன், பாங்குலேர்ந்து பேசறேன்னு ஏமாத்த வந்தவன்கிட்ட அவங்கம்மா முழங்கால் வலிக்கு மருந்து சொல்லி, அவனையே "வேலை இருக்கு சார்"னு வச்சுட்டு ஓட வச்சவன். உன் பேரையா போட்டு வச்சிருக்கா?

எதுக்கெடுத்தாலும் அவ உனக்குத்தான் முதல்ல போன் போடுவா. "உங்கண்ணன் என்ன அவ்ளோ உசத்தி?"ன்னு ஒருதடவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கேட்டேன். "அவன் எடுப்பான். நீ கார்ல போனைப் பூட்டி வைப்ப, டவர்னா கீழ வச்சுட்டு ஏறுவ. உன்கிட்ட பேசணும்னா பிரதமருக்கு மனு போடணும்"னு சிரிச்சா.

அன்னிக்கு நான் டவர் மேல. போன் கீழ வண்டியில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, விதிப்படி. நீ டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்த. எடுத்திருக்கவே கூடாது. எடுத்த. அவ பக்கத்துல போய் நின்னுட்ட. எரியுது மச்சான்.

அதனால இனிமே ஓட்டறப்போ, ஏணில, அடுப்படில போனைத் தொடாத. நானே கூப்பிட்டாலும் தொடாத.

உன் வீட்டம்மாவுக்கும் மாடுகளுக்கும் என் அன்பு. உனக்கு இல்ல.

வயித்தெரிச்சலோட,
டேரன்

பி.கு.: கடிதம் வருதுன்னு சொல்ல உன்னக் கூப்பிட்டேன். எடுக்கல. மறுபடியும் எடுக்கல. உடனே வண்டிய எடுத்தேன். ஒரு கையில ஸ்டீரிங், ஒரு கையில போன், வழி முழுக்க உனக்கு அடிச்சுக்கிட்டே வந்தேன். நான், வகுப்பெடுக்கறவன்! வந்தா நீ குளிச்சுக்கிட்டிருக்க. போன் வெளிய நாற்காலில. "தண்ணி படக்கூடாதுன்னு நீதானடா சொன்ன?"ங்கற. உன் சமையக்கட்டுல உக்காந்துதான் இத எழுதறேன். மேல இருக்கறது எல்லாத்தையும் அடிச்சுடு. போன் நனைஞ்சா நனையட்டும், எடுடா. என் போன்லயும் இப்ப உன் பேர்தான் இருக்கு.